ஆபீஸ் நெட்டில் யார் கண்ணில் எது படும்: ராமநாதபுரம் கடலோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"இன்காக்னிட்டோ விண்டோ போட்டுப் பார்த்தா ஆபீஸ்ல தெரியாதுல்ல?" மண்டபத்தின் மீன் ஏற்றுமதி கம்பெனிகளிலும் ராமேசுவரம் லாட்ஜ் ரிசப்ஷனிலும் கீழக்கரை டிராவல்ஸ் கடைகளிலும் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. தெரியும். இன்காக்னிட்டோ முக்கியமாகச் செய்வது ஒன்றுதான்: பார்த்த பக்கங்களின் பட்டியலை அந்த பிரவுசரில் சேமிக்காமல் விடுவது. உங்களுக்கு அடுத்து அதே நாற்காலியில் உட்காருபவருக்கு அது மறைக்கும். நெட் லைனுக்கும், லைனைக் கவனிக்கும் கருவிக்கும் அது எதையும் மறைக்காது.

மெஷின் யாருடையது, லைன் யாருடையது என்ற இரண்டு கேள்வியில் இந்த விஷயம் முழுக்க அடங்கிவிடும். இரண்டும் ஆபீஸுடையது என்றால் அங்கே ரகசியம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டும் உங்களுடையது என்றால் உங்கள் சொந்த வாழ்க்கை உங்களோடு இருக்கும். ஒன்று உங்களுடையது, மற்றது ஆபீஸுடையது என்ற இடைநிலையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்காணிப்பு எத்தனை அடுக்கில் நடக்கிறது

முதல் அடுக்கு ரூட்டரும் டிஎன்எஸும். பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கம்ப்யூட்டர் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. அந்த சர்வர் "இந்தத் தளத்துக்குப் பதில் கிடையாது" என்று சொல்லிவிட்டால் பக்கம் திறக்காது. 208.67.222.123 என்ற ஓப்பன் டிஎன்எஸ் குடும்ப வடிகட்டியையோ, 1.1.1.3 என்ற கிளவுட்ஃபிளேர் குடும்ப வடிகட்டியையோ ரூட்டரில் போட்டு வைத்தாலே இது வேலை செய்யும்.

இரண்டாம் அடுக்கு ஃபயர்வால், அதாவது நெட்டில் போவதையும் வருவதையும் சோதிக்கும் கருவி. ஃபோர்டிகேட், சோபோஸ் என்று பெயர் எழுதிய பெட்டி ரூட்டர் பக்கத்தில் இருந்தால் அதுதான். எச்டிடிபிஎஸ் தளங்களில், அதாவது https என்று முகவரி தொடங்கும் தளங்களில், பக்கத்தின் உள்ளடக்கம் பூட்டியிருக்கும். ஆனால் இணைப்பு தொடங்கும் முதல் செய்தியிலேயே தளத்தின் பெயர் பெரும்பாலும் பூட்டாமல் போகிறது. கடிதம் கவருக்குள் ஒட்டி மூடியிருக்கும், மேலே எழுதிய முகவரியைத் தபால்காரர் படிக்கலாம். ஃபயர்வாலின் பதிவில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

11:42:07 / 192.168.1.47 / பில்லிங்-2 / ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் பெயர் / வகை: வேலை தேடல் / 318 கேபி / அனுமதி

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தளம் அடைபடவில்லை, திறந்திருக்கிறது. இருந்தும் நேரம், எந்த மெஷின், எந்தத் தளம், எவ்வளவு டேட்டா என்று எல்லாம் பதிவாகிவிட்டது. "ஓப்பன் ஆகுது, அப்போ யாரும் பார்க்கல" என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான். இந்தப் பதிவுகள் சீக்கிரம் அழிவதும் இல்லை. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, கவரையே பிரித்துப் படிப்பது. ஃபயர்வால் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே உட்கார்ந்து, தான் அசல் தளம்தான் என்று காட்டத் தளம் அனுப்பும் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழை உங்கள் பிரவுசருக்குக் கொடுக்கும். பிரவுசர் அதை ஏற்க வேண்டுமானால் அந்த ஃபயர்வாலின் மூலச் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றியிருந்தால், தேடிய சொல், திறந்த பக்கத்தின் முழு முகவரி, படிவத்தில் தட்டிய விவரம் வரை அதன் வழியே தெளிவாகப் போகும். வங்கித் தளங்களை இதிலிருந்து விலக்கி வைப்பது வழக்கம். உங்கள் ஆபீஸில் விலக்கியிருக்கிறார்களா என்பது சிஸ்டம் பார்ப்பவர் போட்ட அமைப்பைப் பொறுத்தது.

நான்காம் அடுக்கு ஏஜென்ட், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் கண்காணிப்பு மென்பொருள். ஹப்ஸ்டாஃப், ஆக்டிவ்டிராக், டெராமைண்ட் போன்றவை இந்த வகை. குறிப்பிட்ட இடைவெளியில் திரையைப் படம் எடுப்பது, எந்த விண்டோ எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எண்ணுவது, சிலவற்றில் விசைப்பலகையில் தட்டுவதையும் பதிவது என்று இவை செய்யும். இந்த அடுக்கு இருந்தால் லைனில் என்ன பூட்டுப் போட்டும் பயனில்லை. பூட்டைத் திறந்து உங்கள் கண்ணுக்குக் காட்டிய பிறகுதான் அது படம் எடுக்கிறது.

உங்கள் மேசையில் எது இருக்கிறது: பத்து நிமிடச் சோதனை

இவை எல்லாமே பார்க்கும் வேலைகள். எதையும் மாற்ற வேண்டாம், எதையும் நிறுத்த வேண்டாம்.

முதலில் சான்றிதழ். ஆபீஸ் குரோமில் சாதாரணமான ஒரு எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறங்கள். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டினால் இணைப்பு பாதுகாப்பானது என்ற வரி வரும். அதைத் தட்டி, சான்றிதழ் செல்லும் என்ற வரியையும் தட்டுங்கள். வரும் பெட்டியில் மேலே "யாருக்கு வழங்கப்பட்டது", கீழே "யார் வழங்கியது" என்று இரு பகுதி இருக்கும். கீழ்ப்பகுதிதான் முக்கியம். கூகுள் தளத்தில் அங்கே கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஃபோர்டினெட், சோபோஸ், அல்லது உங்கள் கம்பெனியின் பெயரே இருந்தால் கவர் பிரிக்கப்படுகிறது. அதே தளத்தை உங்கள் போனில் மொபைல் டேட்டாவில் திறந்து, வழங்கியவர் பெயரை ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

இதில் ஒரு பொறி உண்டு. காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் போன்ற ஆன்டிவைரஸ்களும் வைரஸ் தேடுவதற்காக இதே வேலையைச் செய்து தங்கள் பெயரில் சான்றிதழ் காட்டும். ஆன்டிவைரஸின் பெயரைப் பார்த்துவிட்டு முதலாளி வேவு பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வங்கித் தளம் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடையவும் வேண்டாம். அது விலக்குப் பட்டியலில் இருக்கலாம், மற்றவை இல்லாமல் இருக்கலாம். மூன்று நான்கு வகைத் தளங்களைப் பாருங்கள்.

அடுத்து குரோமின் மூன்று புள்ளி மெனு. அதன் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி இருந்தால், பிரவுசரின் அமைப்புகளை வெளியிலிருந்து போட்டிருக்கிறார்கள். அந்த வரியைத் தட்டினால் எந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயமாக ஏற்றப்பட்டது என்பது வரை சில விவரம் கிடைக்கும். எட்ஜிலும் இப்படித்தான்.

பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் "ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்". அங்கே ஆபீஸ் கணக்கு இணைந்திருந்தால் அந்த மெஷினைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க முடியலாம். நெட்வொர்க் பகுதியில் பிராக்ஸியில் (நடுவில் நின்று போக்குவரத்தைக் கடத்தும் சர்வர்) ஏதாவது முகவரி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக டாஸ்க் மேனேஜர். அறிமுகமில்லாத பெயர் தெரிந்தால் எழுதி வைத்துக்கொண்டு பிறகு போனில் தேடுங்கள். ஸோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் ஏஜென்ட் போன்றவை அப்டேட் போடவும் ரிப்பேர் பார்க்கவும்தான் பல ஆபீஸ்களில் இருக்கின்றன. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பெயரே தெரியாதபடி மறைந்து ஓடும் ஏஜென்ட்களும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. ஆகவே ஆபீஸ் கொடுத்த மெஷினில் நான்காம் அடுக்கு இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடப்பது புத்திசாலித்தனம்.

தாண்டும் வழிகள் என்று சொல்லப்படுபவை, அவை மாட்டும் இடம்

டிஎன்எஸை 8.8.8.8 என்று, அதாவது கூகுளின் டிஎன்எஸ் சர்வருக்கு, மாற்றுவது. முதல் அடுக்கு மட்டும் உள்ள இடத்தில் இது பலிக்கும். ஆனால் பல ரூட்டர்கள், டிஎன்எஸுக்கு ஒதுக்கிய வாசல் எண்ணான 53-ஆம் போர்ட்டில் போகும் கேள்விகள் எல்லாவற்றையும் பிடித்துத் தங்கள் சர்வருக்கே திருப்பிவிடும். நீங்கள் 8.8.8.8 என்று எழுதியிருப்பீர்கள், பதில் சொல்வது ரூட்டராக இருக்கும். பிரவுசருக்குள் பூட்டிய டிஎன்எஸ் போட்டால் கேள்வி 443-ஆம் போர்ட்டில், மற்ற எச்டிடிபிஎஸ் போக்குவரத்தோடு கலந்து போகும். அப்போதும் தளத்தின் பெயர் இணைப்பின் முதல் செய்தியில் தெரிந்துவிடும் என்பதால் ஃபயர்வால் உள்ள ஆபீஸில் பயனில்லை. டிஎன்எஸை மறைப்பது தபால்காரரிடம் வழி கேட்காமல் போவது மாதிரி. கவர் மேல் முகவரி அப்படியே இருக்கிறது.

வெப் பிராக்ஸி தளங்கள். இவற்றைத் தொடவே வேண்டாம். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் சர்வர் வழியே போகும். முதலாளி பார்க்காமல் இருக்க, யாரென்றே தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பது போல. ஃபயர்வால்களில் "பிராக்ஸி தவிர்ப்பு" என்று தனி வகையே உண்டு. அந்த வகையில் ஒரு வரி விழுந்தால், சினிமாப் பாட்டு பார்த்ததற்கு வராத கேள்வி அதற்கு வரும்.

விபிஎன், அதாவது உங்கள் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியே அனுப்பும் ஏற்பாடு. லைனை மட்டும் எடுத்துக்கொண்டால் இது உண்மையிலேயே உள்ளடக்கத்தையும் தளத்தின் பெயரையும் மறைக்கும். ஆபீஸுக்குத் தெரிவது, இந்த மெஷின் இந்த சர்வரோடு இவ்வளவு நேரம், இவ்வளவு டேட்டா பேசியது என்பது. ஆனால் அதுவே கொட்டை எழுத்தில் தெரியும். வயர்கார்டு என்ற வகை விபிஎன் வழக்கமாக 51820, ஓப்பன்விபிஎன் 1194, ஐபிசெக் 500-உம் 4500-உம் என்று போர்ட் எண்ணே காட்டிக் கொடுக்கும். 443-க்கு மாற்றினாலும் போக்குவரத்தின் அடையாளத்தை வைத்து ஃபயர்வால் கண்டுபிடிக்கும். அதோடு ஆபீஸ் மெஷினில் விபிஎன் ஏற்ற அட்மின் அனுமதி வேண்டும். ஏஜென்ட் இருந்தால் அது ஏறிய நிமிடமே தெரியும். இலவச விபிஎன் ஆப்கள் பற்றி ஒரு வார்த்தை: சர்வருக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். உங்களிடம் வாங்கவில்லை என்றால் வேறு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். இந்தியாவில் விபிஎன் நடத்துபவர்கள் சந்தாதாரரின் பெயர், முகவரி, ஐபி (நெட்டில் இணைப்பின் எண் முகவரி) போன்றவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2022 உத்தரவில் இருக்கிறது. அதனால்தான் பல விபிஎன் நிறுவனங்கள் இங்கிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன.

ஆபீஸ் லேப்டாப்பை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ப்பது. ஆபத்தில்லாத வழி போலத் தெரியும், ஏமாற்றுவதும் இதுதான். லைன் மாறிவிட்டது, மெஷின் மாறவில்லை. ஏஜென்ட் உங்கள் டேட்டாவிலேயே தன் அறிக்கையை அனுப்பும். சில கம்பெனிகளில் லேப்டாப்பின் போக்குவரத்து எந்த லைனில் சேர்ந்தாலும் கம்பெனியின் கிளவுட் வடிகட்டி வழியாகவே போகும்படி அமைத்திருப்பார்கள். கம்பெனிக் கணக்கு இருக்கும் மெஷினை ஃபயர்வாலுக்கு வெளியே கொண்டுபோனதால் வைரஸ் ஏறினால் அந்தப் பழியும் உங்கள் தலையில் விழும்.

பென்டிரைவில் பிரவுசர் கொண்டுவருவதும் இதே கதைதான். மெஷினும் லைனும் ஆபீஸுடையவை. போதாததற்கு யூஎஸ்பி செருகியதும் ஒரு பதிவு.

பலிக்கும் வழி: சொந்த போன், சொந்த சிம்

வங்கி, பிஎஃப் பாஸ்புக், உடம்பு சரியில்லாததற்குத் தேடுவது, வேறு வேலை தேடுவது, சங்கத்து ஆட்களோடு பேசுவது எதையும் ஆபீஸ் மெஷினில் செய்யாதீர்கள். மீன் பதப்படுத்தும் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்துக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. அந்தப் புகாரை, நீங்கள் யார் மீது புகார் சொல்கிறீர்களோ அவர் திறந்து பார்க்கக்கூடிய கம்ப்யூட்டரில் தட்டி எடுக்க வேண்டாம். போனில் தட்டுங்கள், அல்லது கையால் எழுதி போனில் படம் எடுத்து வையுங்கள்.

போனை ஒழுங்குபடுத்தும் முறை இது. மெனுவின் பெயர் சாம்சங், ரெட்மி, விவோ என்று கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் தட்டினால் வந்துவிடும்.

1. ஆபீஸ் வைஃபையை மறக்கச் செய்யுங்கள். வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி "ஃபர்கெட்". வெறுமனே அணைத்தால் மறுநாள் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

2. வேலைக்காக ஆபீஸ் வைஃபை வேண்டுமென்றால், போனின் பெயரை மாற்றுங்கள். "முருகன் ரெட்மி" என்பது போன்ற பெயர் ரூட்டரின் பட்டியலில் அப்படியே தெரியும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) காட்டும். பெயர் உங்களைக் காட்டிக் கொடுத்தால் அதனால் என்ன லாபம்?

3. அந்த வைஃபையில் சேர ஒரு சான்றிதழை ஏற்றச் சொன்னால், உங்கள் சொந்த போனில் ஏற்றாதீர்கள். மூன்றாம் அடுக்கின் சாவி அது. ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்க்க: செக்யூரிட்டி, என்கிரிப்ஷன் அண்ட் கிரெடென்ஷியல்ஸ், டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ், அதில் "யூசர்" பகுதி. சாதாரணமாக அது காலியாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், பெரும்பாலான ஆப்கள் இப்படிப் பயனர் ஏற்றிய சான்றிதழை நம்புவதில்லை. குரோம் நம்பும். ஆபீஸ் வைஃபையில் பிரவுசர் ஓடி, வங்கி ஆப் மட்டும் அடம்பிடித்தால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகப்படலாம்.

4. சொந்த வேலைகளுக்கு மொபைல் டேட்டா. படிப்பதற்கும் வங்கி வேலைக்கும் தினசரி 1.5 ஜிபி பேக்கில் சிறு பகுதிகூடப் போகாது. வீடியோதான் தின்னும், 480 தரத்தில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி.

5. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருந்தால் மூடுங்கள். போனில் மூன்று புள்ளி, லிங்க்டு டிவைசஸ், அந்த மெஷினைத் தட்டி லாக்அவுட். டேபை மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. போனை 14 நாள் தொடாமல் இருந்தால் இணைப்பு தானாக அறும். தினம் போன் பார்ப்பவருக்கு அப்படி அறாது. அடுத்து அந்த மெஷினில் உட்காருபவர் உங்கள் குடும்ப குரூப்பைப் படிப்பார்.

6. ஆபீஸ் குரோமில் சொந்த ஜிமெயிலை உள்ளே விடாதீர்கள். சிங்க் ஆன் ஆனால் வீட்டில் போனில் தேடியதும் ஆபீஸ் திரையில் பரிந்துரையாக வந்து நிற்கும்.

நம் கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனில் சில நேரம் இலங்கை நெட்வொர்க் ஏறிவிடும். இரண்டு நாட்டுக்கும் கடிகார நேரம் ஒன்றே என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்து, மொபைல் நெட்வொர்க்கில் தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஊருக்குள் திரும்பியதும் தானியங்கிக்கு மாற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் சிக்னலே இல்லாமல் நிற்கும்.

போனுக்குள் ஆபீஸ் நுழையும்போது

ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் சேர்க்கும் இடத்தில் நிதானம் வேண்டும். சேர்க்கும்போது ஒரு அனுமதித் திரை வரும். அவசரத்தில் "ஆக்டிவேட்" அழுத்திவிடுவோம். "எரேஸ் ஆல் டேட்டா" என்ற வரி அதில் இருந்தால், உங்கள் போனை முழுக்க அழிக்கும் உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். பிள்ளையின் போட்டோ உட்பட. ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா என்பதை செட்டிங்ஸில் "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்" என்று தேடிப் பார்க்கலாம்.

இதைவிட நல்ல ஏற்பாடு வொர்க் ப்ரொஃபைல். ஆபீஸ் ஆப்களின் மேல் சின்னதாக ஒரு பெட்டிப் படம் இருக்கும். நீங்கள் வாங்கிய போனில் இப்படிச் செய்தால், நிர்வாகியின் கை அந்தப் பகுதிக்குள் மட்டும் நீளும். உங்கள் போட்டோ, சொந்த பிரவுசர், வாட்ஸ்அப் அதற்கு வெளியே. ஐபோனில் ஜெனரல் பகுதியில் "விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்" திறந்து ஏதாவது ப்ரொஃபைல் இருக்கிறதா பாருங்கள். கம்பெனியே வாங்கிக் கொடுத்த போன் என்றால் அது கம்பெனியின் மெஷின்தான், சட்டைப் பையில் இருந்தாலும்.

வேலைக்கு வேண்டிய தளம் அடைபட்டால் திறக்க வைப்பது

பல நேரம் பிரச்சினை ரகசியமே இல்லை. வேலைக்குத் தேவையான பக்கம் திறக்காது. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும். அதற்கு முந்தின நாள், ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பையும் காற்று வரைபடத்தையும் பார்த்துத்தான் மறுநாள் எவ்வளவு சரக்கு வரும், எத்தனை ஐஸ் பார் சொல்ல வேண்டும் என்று கணிப்பார்கள். வாடைக் காற்றோ கச்சான் காற்றோ பலத்து அடித்தால் படகு போகாது. காற்று வரைபடம் பொழுதுபோக்கு வகையில் விழுந்திருந்தாலோ, வெளிநாட்டு வாங்குபவரின் புதுத் தளம் "வகைப்படுத்தப்படாதது" என்று இருந்தாலோ ஃபயர்வால் அடைத்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

இதற்கு விபிஎன் தேடுவது வீண். சரியாகக் கேட்டால் சிஸ்டம் பார்ப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. நம் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் அவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பார்த்துப் போகும் ஆள். "நெட் ஓடல தம்பி" என்று போனில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குத் தேவை: தளத்தின் முழு முகவரி, தடைப் பக்கத்தில் எழுதியிருக்கும் வகையின் பெயர், அடைபட்ட தேதியும் நேரமும், எந்த மெஷின். முதலாளிக்குத் தேவை: எதற்கு, யாருக்கு, எவ்வளவு நாளைக்கு. இரண்டையும் ஒரே மெயிலில் வையுங்கள்.

"வணக்கம் சார். நேற்று 14-ஆம் தேதி காலை 10:20-க்கு பில்லிங்-2 மெஷினில் காற்று வரைபடத் தளம் திறக்கவில்லை. தடைப் பக்கத்தில் 'என்டர்டெயின்மென்ட்' வகை என்று வருகிறது, படம் இணைத்துள்ளேன். மறுநாள் சரக்கு வரத்தைக் கணித்து ஐஸ் சொல்ல இந்தத் தளம் வேண்டும். கொள்முதல் பிரிவின் இரண்டு மெஷினுக்கு மட்டும் இந்த ஒரு முகவரியைத் திறந்து கொடுத்தால் போதும். வகை முழுவதையும் திறக்க வேண்டாம்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும். வகை முழுவதும் திறந்தால் வீடியோவும் சேர்ந்து வந்து லைன் படுத்துவிடும் என்பது முதலாளியின் பயம். அந்தப் பயம் நியாயமானதே. ஒரே ஃபைபர் லைனில் பில்லிங், சிசிடிவி, பத்து மெஷின் எல்லாம் ஓடுகிறது. தளம் தவறான வகையில் விழுந்திருந்தால் ஃபோர்டிகேட் பெட்டிகளுக்குத் தள வகைகளைத் தரும் ஃபோர்டிகார்டின் இணையப் பக்கத்தில் அதன் வகையைத் தேடி, மாற்றக் கோரி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அது மாறினால் ஃபோர்டிகேட் வைத்திருக்கும் எல்லா ஆபீஸுக்கும் சேர்த்து மாறும்.

கேட்பதற்கு எழுத்தே நல்லது. கீழக்கரையில் அண்ணனை அழைப்பது போல "காக்கா, இந்த சைட்ட மட்டும் தொறந்து விடுங்க" என்று வாயால் கேட்டுத் திறந்துகொண்டால், ஆறு மாதம் கழித்து பதிவைப் பார்க்கும் வேறொருவருக்கு அந்த அனுமதி தெரியாது. மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ ஒன்று கையில் இருக்கட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் குற்றமல்ல. ஆனால் ஆபீஸ் விதியை மீறியதற்கு மெமோ, வேலை நீக்கம் வரை போகலாம். அதைத் தாண்டி, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ கை வைப்பது, தரவை எடுப்பது, செயலைக் குலைப்பது ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகின்றன. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்ட்டை அழிப்பது, அட்மின் பாஸ்வேர்டைத் திருடுவது, ஃபயர்வால் அமைப்பில் கை வைப்பது மூன்றையும் செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது உண்மை. அது முதலாளிக்கு எல்லாக் கதவையும் அடைத்துவிடவில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சம்பந்தமான நோக்கத்துக்கும் நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாள இடம் தருகிறது. ஆகவே என்ன கண்காணிக்கிறீர்கள், எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று வேலையில் சேரும்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது. கேட்பது தப்பில்லை. கையெழுத்துப் போடும் தாள்களில் "ஐடி பாலிசி" என்று ஒன்று இருந்தால் அதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. இங்கே பழகிய விபிஎன் ஆப்பை அப்படியே போனில் வைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ இருக்கிறது. வீட்டுக்கு வீடியோ கால் பேச, அங்கே அனுமதி உள்ள ஆப் எது என்று முதலில் போய்ச் சேர்ந்த காக்காமாரிடம் கேட்டு, அதை உம்மாவின் போனிலும் ஏற்றி, பழக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலையை விட்டு நிற்கும் நாளில்

கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். போனில் கூகுள் கணக்கைத் திறந்து செக்யூரிட்டியில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைப் பாருங்கள். ஆபீஸ் மெஷின் இருந்தால் சைன்அவுட். வாட்ஸ்அப் லிங்க்டு டிவைசஸ் இன்னொரு முறை. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளில் உங்கள் சொந்தக் கணக்குகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கி, அந்தப் பாஸ்வேர்டுகளை வீட்டில் மாற்றுங்கள். போனிலிருந்து வொர்க் ப்ரொஃபைலையும் ஆபீஸ் மெயிலையும் எடுத்துவிடுங்கள். டிவைஸ் அட்மின் அனுமதி கொடுத்திருந்தால், எடுப்பதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் சேமியுங்கள்.

பிரவுசர் வரலாறு முழுவதையும் துடைப்பது, டெஸ்க்டாப்பில் இருப்பதையெல்லாம் அழிப்பது வேண்டாம். ஃபயர்வால் பதிவு அங்கேயே இருக்கும், நீங்கள் அழித்தது மட்டும் தனியாகத் தெரியும். பில், ஏற்றுமதித் தாள், வாங்குபவரின் மெயில் எல்லாம் கம்பெனியின் சொத்து. அவற்றை ஒப்படைத்து, ஒப்படைத்த பட்டியலில் ஒரு கையெழுத்து வாங்கி, அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.